எடை 100 கிலோவா? ரோடு பைக் வாங்கும் முன் கம்பிகளை எண்ணுங்கள்!

பால்காரர் சைக்கிளின் பின் சக்கரத்தை என்றைக்காவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் கேன் தொங்கும், கேரியரில் ஒன்று இருக்கும், மேலே ஆளும் உட்கார்ந்திருப்பார். மேடு பள்ளம் எல்லாம் ஏறி இறங்கி வருஷக்கணக்கில் ஓடும். அந்தச் சக்கரத்தில் ஸ்போக்ஸ் கம்பிகளை எண்ணினால் 40 வரும். முன் சக்கரத்தில் 32. நம் ஊர்ப் பழைய கறுப்பு சைக்கிள்களின் கணக்கு அதுதான்.

இப்போது ஷோரூமில் பளபளவென்று நிற்கும் ரோடு பைக்கைப் பாருங்கள். முன்னால் 20 கம்பி, பின்னால் 24 கம்பி. பார்க்க அழகு, தூக்கினால் லேசு. 60, 65 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால், 95, 100, 110 கிலோ இருப்பவர் அதே சைக்கிளில் ஏறினால் என்ன ஆகும்?

பல வீடுகளில் நடப்பது இதுதான். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, முட்டி வலிக்கிறது, டாக்டர் `உடம்பை அசைங்க' என்கிறார். ஆசையாக ரோடு பைக் வாங்கி, காலை 5 மணிக்கு எழுந்து ஓட்ட ஆரம்பிக்கிறார் ஒருவர். இரண்டு, மூன்று மாதத்தில் பின் சக்கரத்தில் `டிங்' என்று ஒரு சத்தம். கம்பி அறுந்துவிட்டது. மாற்றுகிறார். அடுத்த மாதம் இன்னொன்று. வீட்டில் யாரோ விளையாட்டாக, ``சைக்கிளே தாங்க மாட்டேங்குது பாரு'' என்கிறார்கள். அத்தோடு சைக்கிள் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறது. மாத்திரை டப்பா மட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது.

இதில் தவறு அந்த உடம்பில் இல்லை. அந்த எடைக்கு ஏற்ற சக்கரம் அந்த சைக்கிளில் இல்லை, அவ்வளவுதான். என்ன பார்த்து வாங்க வேண்டும், இருக்கும் சைக்கிளில் எதை மாற்ற வேண்டும் என்று பார்ப்போம்.

தென்னேரி ரோடு என்ன கேட்கிறது?

சென்னையில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குக் கடற்கரைச் சாலைக்கு அடுத்தபடியாகப் பிடித்த திசை காஞ்சிபுரம். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் தாண்டி நெடுஞ்சாலையை விட்டு உள்ளே இறங்கினால் தென்னேரி, வாலாஜாபாத் பக்கம் வயலும் ஏரியுமாக ஊரே மாறிவிடும். தென்னேரி ஏரி காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. தண்ணீர் நிறைந்திருக்கும் மாதங்களில் காலை வெயில் ஏறும் முன் அந்தக் கரைப் பக்கம் ஓட்டுவது தனி சுகம்.

ஆனால், ரோடு அப்படி அல்ல. தொழிற்பேட்டைகளுக்குப் போகும் கனரக லாரிகள் ஓடி ஓடி, ஓரத்தில் தார் பெயர்ந்திருக்கும். ஊருக்கு ஊர் வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடை. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் குழிக்கு ஆழம் தெரியாது. வெளிநாட்டு வழவழப்பான சாலையை மனதில் வைத்துச் செய்த 24 கம்பிச் சக்கரத்துக்கு இது கடினமான பரீட்சை.

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் சுமார் 75 கிலோமீட்டர். போய் வந்தால் 150. ரோடு பைக் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர் நகரும். அப்படியானால் ஒரே நாளில் சக்கரம் 70 ஆயிரம் தடவைக்கு மேல் சுற்றுகிறது. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கம்பி ஏன் அறுகிறது என்பதற்கான விடை இதில்தான் இருக்கிறது.

மாட்டு வண்டிச் சக்கரம் வேறு, சைக்கிள் சக்கரம் வேறு

மாட்டு வண்டியின் ஆரக்கால் தடித்த கட்டை. வண்டியின் பாரத்தைத் தூண் மாதிரி நின்று தாங்கும். சைக்கிள் கம்பியோ 2 மில்லிமீட்டர் தடிமன். அதை நிறுத்தி வைத்து மேலே கையால் அழுத்தினாலே வளைந்துவிடும். பிறகு எப்படி 100 கிலோ ஆளைத் தாங்குகிறது?

எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே இழுத்துக் கட்டிவைப்பதால்தான். நடுவில் ஹப், வெளியே ரிம். இரண்டுக்கும் இடையே கம்பிகள் எல்லாப் பக்கமும் விறைப்பாக இழுக்கின்றன. நீங்கள் ஏறி உட்கார்ந்ததும், தரையை ஒட்டி இருக்கும் கம்பிகளில் மட்டும் அந்த இழுவிசை குறைகிறது. சக்கரம் சுற்றி, அந்தக் கம்பி மேலே போனதும் பழைய விறைப்பு வந்துவிடும்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. தறியில் பாவு இழைகள் எல்லாம் ஒரே விறைப்பில் நிற்க வேண்டும். நாலு இழை தொய்ந்தாலும் சேலையில் தெரிந்துவிடும். சக்கரமும் அப்படித்தான்.

ஆக, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு கம்பியும் ஒரு தடவை தளர்ந்து மறுபடி விறைக்கிறது. ஒரு காஞ்சிபுரம் பயணத்தில் 70 ஆயிரம் தடவை. ஒரு கம்பியைக் கையில் வைத்து முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று ஒடியும் அல்லவா? அதே கதைதான். எடை கூடக் கூட, ஒவ்வொரு சுற்றிலும் தளர்வது அதிகம். கம்பி எண்ணிக்கை குறையக் குறைய, ஒவ்வொரு கம்பியின் பங்கும் அதிகம். பெரும்பாலும் ஹப்பின் ஓட்டைக்குள் நுழைந்து வளையும் இடத்தில்தான் கம்பி ஒடியும்.

கம்பி விறைப்பு ஏற்கெனவே குறைவாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பாரம் விழும்போது அது முழுதாகத் தொய்ந்துவிடும். நிப்பிள் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, சக்கரம் கோட்டமாகி, பக்கத்துக் கம்பிகளின் மேல் பாரம் ஏறும். எனவே, அறுந்த கம்பியைப் பார்த்து `நாம் ரொம்ப வெயிட்டு' என்று நினைக்க வேண்டாம். அது சரியாக இறுக்காத சக்கரமாகவும் இருக்கலாம்.

ஏன் எப்போதும் பின் சக்கரம்?

முதல் காரணம், உங்கள் எடையில் ஏறக்குறைய 60 சதவிகிதம் பின் சக்கரத்தில்தான் விழுகிறது. இரண்டாவது, பெடலை மிதிக்கும் விசை முழுவதும் அதன் வழியாகவே போகிறது. மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாது. பின் சக்கரத்தின் வலது பக்கம் கியர் பற்கள் நிறைய இடத்தை எடுத்துக்கொள்கின்றன. அதனால் வலது பக்கக் கம்பிகள் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக நிற்கும்; இடது பக்கக் கம்பிகள் நன்கு சாய்ந்திருக்கும். சக்கரம் நடுவில் நிற்க வேண்டுமென்றால் வலது பக்கத்தை அதிகமாக இறுக்க வேண்டும். இடது பக்கக் கம்பிகளுக்கு அதில் ஏறக்குறைய பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு விறைப்புதான் கிடைக்கும்.

அதனால், கையில் பணம் குறைவாக இருந்தால் முன் சக்கரத்தை விட்டுவிடுங்கள். பின் சக்கரத்தை மட்டும் நல்லதாக மாற்றுங்கள்.

எத்தனை கம்பி வேண்டும்?

சக்கரம் கட்டுபவர்கள் பொதுவாகப் பின்பற்றும் கணக்கு இது. சட்டம் அல்ல; நம் ரோடுகளுக்கு ஒரு படி கூடுதலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

* 75 கிலோ வரை: ஒழுங்காக இறுக்கப்பட்ட 24 அல்லது 28 கம்பி போதும்.
* 75 முதல் 95 வரை: பின்னால் 28 அல்லது 32, முன்னால் 24 அல்லது 28.
* 95 முதல் 115 வரை: பின்னால் 32 கட்டாயம், முன்னால் 28 அல்லது 32.
* 115-க்கு மேல்: பின்னால் 36, முன்னால் 32 அல்லது 36.

`36 கம்பியா? பழைய சைக்கிள் மாதிரி இருக்காதா?' என்று யோசிக்காதீர்கள். ஒரு காலத்தில் பந்தய சைக்கிள்களிலேயே 36 கம்பிதான் வழக்கம். 24-லிருந்து 32-க்குப் போனால் கூடுதலாக வருவது 8 கம்பி, 8 நிப்பிள். எல்லாம் சேர்ந்து சுமார் 60 கிராம். நாலு மடக்குத் தண்ணீர் குடித்தால் ஏறும் எடை!

எடை வரம்பைப் படிக்கத் தெரிய வேண்டும்

பல நிறுவனங்கள் சக்கரத்துக்கு அதிகபட்ச எடை வரம்பு போட்டிருக்கும். கையேட்டில் சின்ன எழுத்தில் இருக்கும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சில வரம்புகள் ஓட்டுபவரின் எடைக்கு மட்டும். சில வரம்புகள் மொத்த எடைக்கு.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆள் 98 கிலோ, சைக்கிள் 10 கிலோ, இரண்டு பாட்டில் தண்ணீர் ஒன்றரைக் கிலோ, ஷூ, ஹெல்மெட், பை, போன், பம்ப் எல்லாம் இரண்டரைக் கிலோ. மொத்தம் 112. சக்கரத்தின் வரம்பு 110 கிலோ என்று இருந்து, அது மொத்த எடைக்கானது என்றால், நீங்கள் ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள். வரம்பைத் தாண்டி ஓட்டி ஏதாவது உடைந்தால் வாரன்டியும் கைகொடுக்காது.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்

ரிம் டபுள் வாலா? குறுக்கே வெட்டினால் உள்ளே இரண்டு அடுக்காக, பெட்டி மாதிரி இருக்க வேண்டும். ஒற்றைச் சுவர் ரிம் குழியில் விழுந்தால் சீக்கிரம் நெளியும்.

கம்பி என்ன தடிமன்? முழுக்க 2 மி.மீ. கம்பி நல்லதுதான். அதைவிட நல்லது, இரண்டு முனையும் 2 மி.மீ., நடுவில் 1.8 மி.மீ. என்று இருக்கும் `டபுள் பட்டட்' கம்பி. மெலிந்தது எப்படி உறுதியாகும் என்று தோன்றும். நடுப்பகுதி லேசாக நீண்டு கொடுப்பதால், ஒடியும் இடமான முனைகளில் அழுத்தம் குறைகிறது. துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நிப்பிள் பித்தளையா, அலுமினியமா? பித்தளை கேளுங்கள். சில கிராம் அதிகம். ஆனால் வியர்வை, மழை, கடற்கரை உப்புக்காற்று எல்லாம் தாங்கும். அலுமினியம் நாளாக ஆக அரித்து, திருகும்போது உடைந்து வந்துவிடும்.

கம்பி எப்படிப் பின்னியிருக்கிறது? ஹப்பிலிருந்து நேராகப் போகாமல், ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் சாய்வாகப் போக வேண்டும். 1874-ல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி காப்புரிமை வாங்கிய முறை இது. மிதிக்கும் விசையைத் தாங்க இன்றும் இதைவிட நல்ல வழி வரவில்லை. 32, 36 கம்பிக்கு மூன்று குறுக்கு வெட்டு இருந்தால் நல்லது. டிஸ்க் பிரேக் என்றால் பிரேக் விசையும் கம்பிகள் வழியாகவே போவதால் முன் சக்கரத்துக்கும் இது அவசியம்.

பின்னால் ஃப்ரீவீலா, கேசட்டா? குறைந்த விலை ரோடு பைக்குகளில் 7 கியர் கொத்து, மரை வைத்து ஹப்பில் திருகும் ஃப்ரீவீலாக இருக்கும். அந்த அமைப்பில் வலது பக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால், ஆக்ஸிலின் நீண்ட பகுதி தாங்கல் இல்லாமல் நிற்கும். எடை அதிகமுள்ளவர்கள் ஓட்டினால் ஆக்ஸில் வளைய வாய்ப்பு அதிகம். கேசட் பொருத்தும் ஃப்ரீஹப்பில் பேரிங் வெளிப்பக்கம் வரை வருவதால் அந்தத் தொல்லை குறைவு.

கார்பன் வேண்டுமா? வேண்டியதில்லை. நல்ல அலுமினிய ரிம் போதும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கோடு கார்பன் ரிம் போட்டு, ஏற்காடு, கொல்லிமலை மாதிரி நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடேறும். எடை அதிகமென்றால் சூடும் அதிகம்.

டயரில்தான் பாதி விஷயம்

சக்கரத்தை மாற்றப் பணம் இல்லையா? முதலில் டயரை மாற்றுங்கள். 23 மி.மீ. அல்லது 25 மி.மீ. டயர் இருந்தால் 28-க்குப் போங்கள். ஃப்ரேமிலும் பிரேக்கிலும் இடம் இருந்தால் 32 இன்னும் நல்லது. பழைய ரோடு பைக்குகள் பலவற்றில் 25 அல்லது 28-க்கு மேல் நுழையாது. டயருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே நாலைந்து மி.மீ. இடைவெளி தேவை என்பதால் கடையில் பொருத்திப் பார்த்தே வாங்குங்கள்.

அகல டயரில் காற்று அதிகம். குழியில் விழுந்தால் அதிர்ச்சியை டயர் வாங்கிக்கொள்ளும். கம்பிக்கும் ரிம்முக்கும் குறைவாகவே போகும். காற்றழுத்தம் குறைவாக இருந்தால், டியூப் ரிம்முக்கும் குழி விளிம்புக்கும் இடையே நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். அதற்காக டயரில் போட்டிருக்கும் உச்ச அளவுக்கு அடிப்பதும் தப்பு. கல்லு மாதிரி இருந்தால் ஒவ்வொரு குலுக்கலும் நேராகச் சக்கரத்துக்குப் போகும். 100 கிலோ பக்கம் உள்ளவர் 28 மி.மீ. டயரில் பின்னால் 85 முதல் 90 பிஎஸ்ஐ, முன்னால் அதைவிட 5 முதல் 10 குறைவாக அடித்து ஓட்டிப் பார்த்து, பிறகு கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். டயர், ரிம் இரண்டிலும் போட்டிருக்கும் வரம்பைத் தாண்டக் கூடாது.

முக்கியமான எச்சரிக்கை: இப்போது வரும் சில ரிம்களில் டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இருக்காது. `ஹூக்லெஸ்' என்பார்கள். அவற்றில் 72.5 பிஎஸ்ஐ, அதாவது 5 பார்தான் உச்சம். எடை அதிகமுள்ளவர்கள் அதில் மெல்லிய டயர் போட்டு அழுத்தத்தைக் கூட்டினால் டயர் கழன்று விபத்தாகலாம். ஹூக்லெஸ் என்றால் அகலமான டயர் மட்டுமே.

யார் கட்டினார்கள் என்பது முக்கியம்

அதே ரிம், அதே ஹப், அதே கம்பி. ஒருவர் கட்டினால் மூன்று மாதம், இன்னொருவர் கட்டினால் பத்து வருஷம். கம்பிகள் சீரான விறைப்பில் இருக்கின்றனவா என்பதுதான் வித்தியாசம். பின் சக்கர வலது பக்கத்துக்குப் பொதுவாக 100 முதல் 120 கிலோ இழுவிசை வைப்பார்கள். இதை அளக்க டென்ஷன் மீட்டர் என்ற கருவி உண்டு. உங்கள் மெக்கானிக்கிடம் அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொரு விஷயம். கட்டி முடித்ததும், பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளைக் கையால் சேர்த்து நன்றாக அழுத்திவிட வேண்டும். கம்பியின் வளைவில் மிச்சமிருக்கும் அழுத்தம் இதில் வெளியேறும். ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் 1981-ல் எழுதிய `தி பைசிக்கிள் வீல்' புத்தகம் இதை வலியுறுத்துகிறது. சக்கரம் கட்டுபவர்கள் பலருக்கு இன்றும் அதுதான் பாடப்புத்தகம்.

நம் தெருமுனை சைக்கிள் கடைக்காரர்களைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். நிப்பிளைத் திருகிப் பெண்டு எடுப்பதில் முப்பது, நாற்பது வருஷ அனுபவம் உள்ளவர்கள் சின்ன ஊர்களில்கூட இருக்கிறார்கள். ரோடு பைக் அவர்களுக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் கம்பியின் விறைப்பு புதிதல்ல. சரியான நீளக் கம்பியும் நல்ல ரிம்மும் வாங்கிக் கொடுத்து, `பெண்டு போனால் மட்டும் போதாது, எல்லாக் கம்பியும் ஒரே விறைப்பில் வேண்டும்' என்று சொல்லிக் கட்டச் சொல்லுங்கள்.

வாங்கிய பிறகு...

* முதல் 200 கிலோமீட்டர் ஓட்டியதும் சக்கரத்தைக் கடையில் காட்டி மறுபடி சரிபாருங்கள். புதுச் சக்கரம் கொஞ்சம் தளரும்.
* வாரம் ஒருமுறை கம்பிகளை விரலால் சுண்டிப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். `தொப்' என்று ஒலித்தால் அது தளர்ந்திருக்கிறது.
* குழி, வேகத்தடை வந்தால் சீட்டிலிருந்து லேசாக எழுந்து, முழங்கையையும் முழங்காலையும் மடக்கி நில்லுங்கள். சக்கரத்தின் ஆயுளைக் கூட்ட இதைவிட மலிவான வழி இல்லை.
* பாதி வழியில் கம்பி அறுந்தால், அதைப் பக்கத்துக் கம்பியோடு சுற்றிக் கட்டுங்கள். ரிம் பிரேக்கில் உரசினால் பிரேக்கை லேசாகத் தளர்த்தி, மெதுவாக வீடு வந்து சேருங்கள். 20, 24 கம்பிச் சக்கரம் ஒன்று அறுந்தாலே அதிகம் கோணும் என்பதால் உருட்டிக்கொண்டு போவதே நல்லது.
* உங்கள் சக்கரத்துக்கான நீளத்தில் இரண்டு, மூன்று கம்பிகளை வாங்கி வைத்திருங்கள். இடது, வலது பக்கத்துக்கு நீளம் வேறு.
* ஒரே சக்கரத்தில் இரண்டு, மூன்று கம்பிகள் அடுத்தடுத்து அறுந்தால், ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். மற்றவையும் அதே அளவு களைத்துப் போனவைதான். ரிம் நன்றாக இருந்தால் எல்லாக் கம்பிகளையும் மாற்றிக் கட்டுவதே லாபம்.
* ரிம் பிரேக் என்றால், ரிம்மின் பக்கவாட்டை விரலால் தடவிப் பாருங்கள். உள்வாங்கிக் குழிந்திருந்தால் ரிம்மை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

200 கிலோமீட்டர்கூட எட்டாத தூரம் இல்லை

பந்தயம் அல்லாத நெடுந்தூர சைக்கிள் பயணத்தை `பிரெவே' என்பார்கள். 200 கிலோமீட்டருக்கு 13 மணி நேரம் 30 நிமிடம் அவகாசம். 300-க்கு 20 மணி நேரம். சென்னையில் மெட்ராஸ் ராண்டனர்ஸ் அமைப்பினர் இவற்றை நடத்துகிறார்கள். இங்கே யார் முதலில் வந்தார் என்ற வரிசை கிடையாது. நேரத்துக்குள் முடித்தால் போதும். மணிக்குச் சராசரியாக 15 கிலோமீட்டர் என்பதால், வேகத்தைவிடப் பொறுமைதான் கேட்கும். எடை கூடுதலாக உள்ளவர்களும் பழகப் பழக முடிக்கக்கூடிய கணக்கு இது. ஆனால், பாதி வழியில் கம்பி அறுந்தால் எத்தனை பொறுமையும் உதவாது. நெடுந்தூரம் போகிறவர்கள் லேசான சக்கரத்தைவிட நம்பகமான சக்கரத்தையே தேடுவதற்குக் காரணம் அதுதான்.

நீண்ட நாள் உடற்பயிற்சி இல்லாதவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். முதல் மாதம் 5, 10 கிலோமீட்டர் போதும். காஞ்சிபுரம் எங்கும் போய்விடாது.

வீட்டில் அப்பாவோ, அண்ணனோ, அக்காவோ `என் வெயிட்டுக்கு சைக்கிள் எல்லாம் சரிப்படாது' என்று ஒதுங்கினால், இந்தக் கட்டுரையை அவர்களுக்கு அனுப்புங்கள். கூடவே கடைக்குப் போங்கள். நிறத்தையும் கியரையும் அவர் பார்க்கட்டும். பின் சக்கரத்துக் கம்பிகளை நீங்கள் எண்ணுங்கள். 32-க்குக் குறைந்தால், `இந்தச் சக்கரத்தை மாற்றித் தருவீர்களா?' என்று தயங்காமல் கேளுங்கள்.